ஸ்பானிஷில் 'செய்யாதே' சொல்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிஷில் 'பேசு', 'சாப்பிடு', 'திற' எல்லாம் பத்து நாளில் வந்துவிடும். 'பேசாதே' என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் வகுப்பில் பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். பெரும்பாலான பாடத்திட்டங்கள் இதை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில்) ஏ2 என்ற தொடக்க நிலை முடிந்து பி1 என்ற இடைநிலைக்குள் நுழையும் இடத்தில் வைத்திருக்கின்றன. தமிழ் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. ஒழுங்கு வினைகளைத்தான் முக்கியமாகப் பேசுகிறேன். அடங்காத வினைகள் நடுநடுவே எட்டிப் பார்க்கும், அதைத் தடுக்க முடியாது.

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறீர்களே, எப்படி வாசிப்பது?

நெடில் எங்கே வருகிறதோ அங்கே அழுத்திச் சொல்லுங்கள். 'அப்லார்' (பேச) என்றால் அழுத்தம் கடைசியில். 'ஆப்லொ' (பேசுகிறேன்) என்றால் அழுத்தம் முதலில். 'நோ' என்ற சொல்லுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம்.

ஸ்பானிஷின் 'த' நம்முடைய 'த' தான். ஆங்கிலப் பழக்கத்தில் அதை 'ட' ஆக்காதீர்கள். சொல்லின் நடுவே வல்லொலி வேண்டிய இடத்தில் தமிழில் எழுதுவதுபோலவே இரட்டித்திருக்கிறேன்: க்க, த்த, ப்ப. இரட்டிக்காவிட்டால் மெல்லொலி. அழுத்தி உருட்ட வேண்டிய இடத்தில் 'ற', லேசாகத் தட்டிவிட வேண்டிய இடத்தில் 'ர'. 'பேரொ' என்றால் 'ஆனால்'. 'பேறொ' என்றால் நாய். மரம், மறம் என்று பிரித்துச் சொல்லப் பழகிய நாக்குக்கு இது இலவசமாகக் கிடைத்த வசதி.

'பேசு' தெரியும். முன்னால் 'நோ' போட்டால் 'பேசாதே' ஆகிவிடாதா?

ஆகாது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

'ஆப்ல' என்றால் 'பேசு'. முன்னால் 'நோ' சேர்த்து 'நோ ஆப்ல' என்றால், அது கட்டளையே இல்லை. 'அவன் பேசுவதில்லை' என்ற சாதாரண வாக்கியம்.

மாட்ரிட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தபோது இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக் குழந்தை கையை நீட்டியது. பதறிப்போய் 'நோ தோக்க!' என்று கத்தினேன். 'தோக்க' என்றால் 'தொடு' என்று படித்திருந்தேன், அதனால் 'தொடாதே' சரியாகத்தான் வந்திருக்கும் என்று நினைப்பு. குழந்தை கையை எடுக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து 'கியேன்?' என்றது. யார்? 'தொடுவதில்லை' என்று சொல்லியிருக்கிறேன், யார் தொடுவதில்லை என்று அது கேட்கிறது. நியாயமான கேள்வி. நல்லவேளை, அதற்குள் அதன் அம்மா வந்து 'நோ தோக்கெஸ்!' என்றார். கை உடனே பின்னால் போய்விட்டது.

'தோக்க', 'தோக்கெஸ்'. வித்தியாசம் வால் பகுதியில். ஸ்பானிஷில் 'செய்யாதே' சொல்ல 'நோ' மட்டும் போதாது, வினையும் வேறு உடை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் ஆங்கிலவழி வந்தவர்களுக்குத்தான் அதிர்ச்சி. ஆங்கிலத்தில் வினை அப்படியே நிற்கும், முன்னால் இரண்டு சொல் சேர்த்தால் முடிந்தது. தமிழில் எப்படி? 'பேசு' என்பதை வைத்துக்கொண்டு 'இல்லை பேசு' என்றா சொல்கிறோம்? பேசாதே, சாப்பிடாதே, திறக்காதே. தடுப்பதற்கென்றே தனி வடிவம் வைத்திருக்கிறோம். பழந்தமிழில் 'செய்யேல்' என்று இன்னொரு வடிவமும் இருந்தது. ஆக, 'வேண்டாததைச் சொல்ல வினை வடிவம் மாறும்' என்பது நமக்குப் புது விஷயம் இல்லை. மாணவர்கள் மனதுக்குள் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்பானிஷுக்குப் போவதால்தான் வழி தவறுகிறது. நேரே போங்கள்.

சரி, வடிவத்தை எப்படி அமைப்பது?

மூன்றே அசைவு. 'நான்' வடிவத்தை எடுங்கள். கடைசி 'ஒ'-வை வெட்டுங்கள். எதிர் உயிரைச் சேருங்கள்.

ஸ்பானிஷ் வினைகள் மூன்று குடும்பம்: 'ஆர்' என்று முடிபவை, 'ஏர்' என்று முடிபவை, 'ஈர்' என்று முடிபவை. 'ஆர்' குடும்பத்துக்கு வழக்கமாக அகரம் வரும் இடத்தில் எகரம் வரும். 'ஏர்', 'ஈர்' குடும்பங்களுக்கு எகரம் வரும் இடத்தில் அகரம் வரும். இருவரும் சட்டையை மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்லார் (பேச): நான் பேசுகிறேன் என்பது 'ஆப்லொ'. ஒ போனால் 'ஆப்ல்'. எஸ் சேர்த்தால் 'நோ ஆப்லெஸ்', பேசாதே.

கொமேர் (சாப்பிட): 'கோமொ', 'கோம்', 'நோ கோமஸ்', சாப்பிடாதே.

அப்ரீர் (திறக்க): 'ஆப்ரொ', 'ஆப்ர்', 'நோ ஆப்ரஸ்', திறக்காதே.

பாடப்புத்தகங்கள் 'ஈர்' குடும்பத்துக்கு எப்போதும் 'வாழ' என்ற வினையைத்தான் உதாரணம் காட்டும். 'வாழாதே' என்று யார் யாரிடம் சொல்லப்போகிறார்கள்? கதவைத் திறக்காதே என்பதாவது தினமும் வேலைக்கு ஆகும்: 'நோ ஆப்ரஸ் ல புவேர்த்த'.

எல்லா ஆட்களுக்கும் ஒருமுறை ஓடிப் பார்த்துவிடலாம். 'அப்லார்' வினைக்கு: நீ என்றால் 'நோ ஆப்லெஸ்', நீங்கள் என்று ஒருவரை மரியாதையாகச் சொன்னால் 'நோ ஆப்லெ', நாம் என்றால் 'நோ அப்லேமொஸ்', பலர் என்றால் 'நோ ஆப்லென்', ஸ்பெயினில் நண்பர் கூட்டத்திடம் என்றால் 'நோ அப்லேயிஸ்'. 'கொமேர்' வினைக்கு அதே வரிசையில் 'நோ கோமஸ்', 'நோ கோம', 'நோ கொமாமொஸ்', 'நோ கோமன்', 'நோ கொமாயிஸ்'. 'அப்ரீர்' அப்படியே கொமேரின் தம்பி.

எந்த வால் எந்தக் குடும்பத்துக்கு என்று குழம்புகிறது. ஏன் இப்படித் தலைகீழாக வைத்தார்கள்?

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு வைக்கவில்லை. லத்தீனிலிருந்து வந்த சொத்து. லத்தீனில் 'அமாஸ்' என்றால் நேசிக்கிறாய். 'அமேஸ்' என்றால் நேசிப்பாயாக, நேசிக்க வேண்டும் என்கிற விருப்பத் தொனி. அதாவது 'ஆர்' குடும்பத்தில் விருப்பத்துக்கு எகரம், மற்ற குடும்பங்களில் அகரம் என்பது அங்கேயே இருந்தது. ஸ்பானிஷ் அதைக் காப்பாற்றி வைத்துக்கொண்டது.

இந்த விருப்ப வடிவத்துக்கு இலக்கணத்தில் சப்ஜங்க்டிவ் என்று பெயர். பெயரைக் கேட்டே பயப்படுகிறவர்கள் உண்டு. நமக்கு வியங்கோள் இருக்கும்போது என்ன பயம்? வாழ்க, வருக, ஒழிக. ஸ்பெயினில் கூட்டத்தில் 'பீப!' என்று முழங்குவார்கள் (முதல் 'ப' பாபு என்ற பெயரில் வருகிற மாதிரி). அது 'வாழ' என்ற வினையின் சப்ஜங்க்டிவ். அர்த்தம் அச்சு அசலாக 'வாழ்க!' தான். வியங்கோளுக்குத் தமிழில் எதிர்மறையும் உண்டு: செய்யற்க, பேசற்க. 'நோ ஆப்லெ' என்பதை நான் மாணவர்களுக்கு 'பேசற்க' என்றே முதலில் எழுதிக் காட்டுவேன். சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

மனப்பாடத்துக்கு ஒரு சின்ன உதவி. புதிதாகப் பிறக்கும் வினைகள் அநேகமாக எல்லாமே 'ஆர்' குடும்பத்தில்தான் சேர்கின்றன. ட்வீட் போடுவதற்கான 'துயித்தெஆர்' 2014-ல் ஸ்பானிஷ் ராயல் அகாடமியின் அகராதியில் ஏறியது. ட்வீட் போடாதே என்றால் 'நோ துயித்தேஎஸ்'. ஆக, தெரியாத புது வினை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எகரம் போடுங்கள்.

'நீ'க்கு ஒன்று, 'நீங்கள்'க்கு ஒன்று என்கிறீர்கள். எது எப்போது?

பேசாதே, பேசாதீர்கள் போலத்தான். 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். நமக்கு இந்தப் பாகுபாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு இடத்தில் தமிழ் மனம் ஏமாறும். நமக்கு மரியாதை கூடினால் சொல் நீளும்: பேசாதே, பேசாதீங்க, பேசாதீர்கள். ஸ்பானிஷில் மரியாதை கூடினால் ஒரு எழுத்து குறையும். 'நோ ஆப்லெஸ்' நண்பனுக்கு. 'நோ ஆப்லெ' மேலதிகாரிக்கு. நீளமாகச் சொன்னால் மரியாதை என்று நினைத்து, வீட்டுக்கார அம்மாவிடம் போய் 'நோ ஆப்லெஸ்' என்று சொல்லிவிடாதீர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. கியூபா, டொமினிகன் குடியரசு, தெற்கு ஸ்பெயின் போன்ற இடங்களில் சொல்லின் கடைசி 'ஸ்' காற்றோடு போய்விடும். அங்கே 'நோ ஆப்லெஸ்' காதுக்கு 'நோ ஆப்லெ' போலவே விழும். நீயா நீங்களா என்பதைச் சூழ்நிலையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

சோம்பேறிகளுக்கு ஒரு நற்செய்தியும் இருக்கிறது. 'உஸ்தெத்'துக்கு 'பேசுங்கள்' என்பதும் அதே 'ஆப்லெ' தான். முன்னால் 'நோ' போட்டால் போதும், வேறு எதுவும் மாறாது. வடிவம் தனியாக மாறுவது 'தூ'வுக்கும், ஸ்பெயினின் நண்பர் கூட்டத்துக்கும்தான். ஆரம்பத்தில் எல்லோரையும் 'உஸ்தெத்' என்றே அழைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். கொலம்பியாவின் பொகோட்டாவில் வீட்டுக்குள்ளேயே 'உஸ்தெத்' போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு, அங்கே யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

லத்தீன் அமெரிக்கா முழுக்க, பலரிடம் பேசும்போது நண்பர்களா பெரியவர்களா என்று பார்ப்பதில்லை. எல்லோருக்கும் 'நோ ஆப்லென்' தான். 'நோ அப்லேயிஸ்' ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் படித்தால் போதும்.

'தொக்கார்' (தொட) ஒழுங்கு வினைதானே? எழுதும்போது எழுத்து மாறுகிறதே?

காதால் கேட்பவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. தொக்கார், தோக்கொ, நோ தோக்கெஸ். தமிழ் எழுத்தில் பாருங்கள், 'க்க' அசையவே இல்லை. ரோமன் எழுத்தில்தான் தொல்லை. அங்கே சி என்ற எழுத்து அகர ஒகரத்துக்கு முன்னால் 'க' ஒலி தரும், எகர இகரத்துக்கு முன்னால் 'ஸ' ஆகிவிடும் (ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஊதும் ஒலி). 'தோக்கெஸ்' என்பதில் எகரம் வந்துவிட்டதே. சி-யை அப்படியே விட்டால் 'தோஸெஸ்' என்று வாசித்துவிடுவார்கள். அது 'இருமல்' என்ற சொல்லின் பன்மை. ஆகவே சி-யை எடுத்துவிட்டு க்யூ, யு இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

இதே காரணம்தான் மற்ற இடங்களிலும். 'பகார்' (பணம் கட்ட) என்பதில் ஜி எழுத்து இருக்கிறது. 'நோ பாகெஸ்' எழுதும்போது ஜி-க்குப் பின்னால் ஒரு யு ஒட்டிக்கொள்ளும். 'யெகார்' (வந்து சேர) அப்படியே: 'நோ யேகெஸ் தார்தெ', தாமதமாக வராதே. 'க்ருஸார்' (சாலையைக் கடக்க) என்பதில் இஸட் இருக்கும், 'நோ க்ரூஸெஸ்' எழுதும்போது அது சி ஆகும். எதிர்த்திசையிலும் உண்டு: 'எஸ்கொஹேர்' (தேர்ந்தெடுக்க) என்பதில் ஜி, 'நோ எஸ்கோஹஸ்' என்பதில் ஜே.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி: ஒலியைக் காப்பாற்ற எழுத்து வழிவிடும். பட்டியல் போட்டு உருப்போடுவதைவிட, சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'எஸ்'ஸை எடுத்துவிட்டால் மிஞ்சும் 'கொஹேர்' ஸ்பெயினில் 'எடு', 'பஸ்ஸைப் பிடி' என்ற அன்றாடச் சொல். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது கெட்ட வார்த்தை. அங்கே போய் 'பஸ்ஸைப் பிடிக்காதே' என்று அந்த வினையை வைத்துச் சொன்னால், பஸ் நிறுத்தமே சிரிக்கும்.

'ஸெறார்' (மூட) சொல்லும்போது நடுவில் 'யே' எங்கிருந்து வந்தது?

'நோ ஸியேறெஸ்' என்று வருகிறதே, அதைச் சொல்கிறீர்கள். வால் ஒழுங்காகத்தான் இருக்கிறது, வயிற்றில்தான் மாற்றம். அதற்காகத்தான் முதல் அசைவிலேயே 'நான்' வடிவத்தை எடுக்கச் சொன்னேன். 'மூடுகிறேன்' என்பது 'ஸியேறொ'. அதிலிருந்து தொடங்கினால் மாற்றம் தானாகவே கூட வந்துவிடும். 'நினைக்கிறேன்' என்பது 'பியேன்ஸொ', ஆக 'நோ பியேன்ஸெஸ்', நினைக்காதே.

அழுத்தம் அந்த அசையை விட்டு நகர்ந்தால் இந்த மாற்றமும் மறைந்துவிடும். 'நாம் மூட வேண்டாம்' என்பது 'நோ ஸெறேமொஸ்'. நெடில் 'றே'க்குப் போய்விட்டது பாருங்கள். 'ஈர்' குடும்பத்தில் மட்டும் சின்னக் குறும்பு: 'தொர்மீர்' (தூங்க) வினையில் 'தூங்காதே' என்பது 'நோ துவேர்மஸ்', 'தூங்காமல் இருப்போம்' என்பது 'நோ துர்மாமொஸ்'. அங்கே ஒகரமும் இல்லை, 'துவே'வும் இல்லை, உகரம்.

'அதைத் தொடாதே' என்பதில் 'அதை' எங்கே வைப்பது?

செய் என்றால் வாலில் ஒட்டும். செய்யாதே என்றால் முன்னால் பிரிந்து நிற்கும். 'தோக்கலொ' என்றால் அதைத் தொடு. 'நோ லொ தோக்கெஸ்' என்றால் அதைத் தொடாதே. 'ஆப்லமெ', என்னோடு பேசு. 'நோ மெ ஆப்லெஸ்', என்னோடு பேசாதே. இரண்டு சேர்ந்து வந்தாலும் இதே கதை: 'மாந்தஸெலொ', அதை அவருக்கு அனுப்பு. 'நோ ஸெ லொ மாந்தெஸ்', அதை அவருக்கு அனுப்பாதே. தமிழில் 'அதை' எப்போதும் முன்னால்தான் நிற்கும் என்பதால் எதிர்மறை நமக்குச் சுலபம். நாம் தடுமாறுவது 'செய்' பக்கம்.

இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டுமானால், ஸ்பானிஷ் கத்தோலிக்கர்கள் தினமும் சொல்லும் ஜெபத்தின் கடைசி வரி போதும்: 'நோ நொஸ் தேஹெஸ் கயேர் என் ல தென்தஸியோன், இ லீப்ரனொஸ் தெல் மால்'. எங்களைச் சோதனையில் விழவிடாதேயும், தீமையிலிருந்து எங்களை விடுவியும். 'எங்களை' என்பது 'நொஸ்'. முதல் பாதியில் 'நோ' வந்ததால் வினைக்கு முன்னால் தனியாக நிற்கிறது. இரண்டாம் பாதியில் 'லீப்ர'வின் வாலில் ஒட்டிக்கொண்டது. 'தேஹெஸ்' என்பது 'தெஹார்' (விட) என்ற ஒழுங்கு வினை, எகரம் சரியாக விழுந்திருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: கடவுளை 'தூ' என்றுதான் அழைக்கிறார்கள். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துவிட்டு, குழப்பம் வரும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்க்கும் மாணவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது.

தன்னைத்தானே குறிக்கும் வினைகளும் இப்படியே. 'கேதத்தெ', இங்கேயே இரு. 'நோ தெ கேதெஸ்', இருக்காதே. 'நாம் இருப்போம்' என்று சொல்லும்போது மட்டும் ஒரு 'ஸ்' தொலைந்துபோகும்: 'கெதேமொனொஸ்'. எதிர்மறையில் அது திரும்பி வந்துவிடும்: 'நோ நொஸ் கெதேமொஸ்'.

போர்டில் 'நோ ஃபுமார்' என்று எழுதியிருந்தது. விதிப்படி தப்பில்லையா?

தப்பில்லை. புகைக்காதே என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் 'நோ ஃபூமெஸ்'. போர்டு யாரையும் பார்த்துப் பேசுவதில்லை. ஊருக்கே பொதுவாகச் சொல்லும்போது வினையை உடை மாற்றாமல் மூல வடிவத்திலேயே வைப்பார்கள். ஹோட்டல் அறைக் கதவில் தொங்கும் அட்டை 'நோ மொலெஸ்தார்', தொந்தரவு செய்யக்கூடாது. பூங்காவில் 'நோ பிஸார் எல் ஸேஸ்பெத்', புல்லை மிதிக்கக்கூடாது. மெக்சிகோவில் வீட்டு வாசல் கேட்டில் 'நோ எஸ்தஸியொனார்ஸெ', வண்டி நிறுத்தாதீர். நம் ஊர்ச் சுவர்களில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' இருக்கும் இடத்தில் ஸ்பெயின் சுவர்களில் 'ப்ரொஇபீதொ ஃபிஹார் கர்தேலெஸ்' இருக்கும். அது 'தடை' என்றே நேராகச் சொல்வது. ஒட்டுவது என்னவோ அங்கேயும் ஒட்டத்தான் செய்கிறார்கள்.

இந்தப் போர்டு பாணியை ஆளைப் பார்த்துப் பேசும்போது கொண்டுவராதீர்கள். குழந்தைகள் கூட்டத்தைப் பார்த்து 'நோ கொறேர்!' என்று ஸ்பெயினில் சத்தம் போடுபவர்கள் உண்டுதான். இலக்கணக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். 'நோ கொறாயிஸ்' என்பதே சரி.

அர்ஜென்டினாக்காரர் 'நோ அப்லேஸ்' என்கிறார். அழுத்தம் தப்பா?

அவர் ஊரில் 'தூ' கிடையாது, 'போஸ்' (பாபுவின் ப). அதனோடு வரும் கட்டளையும் வேறு: 'அப்லா', பேசு. 'கொமே', சாப்பிடு. எதிர்மறையில் ப்வெனொஸ் ஐரிஸ் வாசிகள் பெரும்பாலும் நீங்கள் படித்த அதே 'நோ ஆப்லெஸ்' தான் சொல்வார்கள். கோபத்தில், அழுத்திச் சொல்லும்போது அது 'நோ அப்லேஸ்' ஆகலாம். மத்திய அமெரிக்காவில் 'போஸ்' சொல்லும் நாடுகளில் கோபம் இல்லாமலேயே அப்படித்தான் சொல்வார்கள். காதில் விழுந்தால் புரிந்தால் போதும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

'யாரோடும் பேசாதே', 'எதையும் தொடாதே' எப்படி? இரண்டு எதிர்மறை வந்தால் ரத்தாகிவிடாதா?

கணக்கு வகுப்பில்தான் ரத்தாகும். 'நோ ஆப்லெஸ் கொன் நாதியெ', யாரோடும் பேசாதே. 'நோ தோக்கெஸ் நாத', எதையும் தொடாதே. 'நோ', 'நாதியெ' இரண்டும் சேர்ந்தால்தான் வாக்கியமே நிற்கும். ஆனால் 'நூங்க' (ஒருபோதும்) வினைக்கு முன்னால் வந்தால் 'நோ' விலகிக்கொள்ளும்: 'நூங்க யேகெஸ் தார்தெ', ஒருபோதும் தாமதமாக வராதே. வினை அப்போதும் அதே எதிர்மறை உடையில்தான்.

காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பார்த்து ஒரு ஸ்பானிஷ் அம்மா வாசலில் சொல்வதைக் கேட்டால் பாடம் முழுக்க ஐந்து விநாடியில் முடிந்துவிடும்: 'நோ கோறஸ், நோ தார்தெஸ், நோ ஆப்லெஸ் கொன் நாதியெ!' ஓடாதே, நேரமாக்காதே, யாரோடும் பேசாதே. பிள்ளை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இப்படி நேராக 'செய்யாதே' என்றால் முரட்டுத்தனமாக இருக்காதா?

ஸ்பெயினில் நண்பர்களிடையே இருக்காது. கடையில், பேருந்தில், அலுவலகத்தில்கூட நேரான கட்டளை நம் காதுக்குத்தான் சுருக்கென்று படும், அவர்களுக்கு இல்லை. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் கொஞ்சம் சுற்றி வளைப்பார்கள். நாம் 'வேண்டாம்', 'தேவையில்லை' என்று மென்மையாக்குவதுபோல அவர்களிடம் 'நோ ஆஸெ ஃபால்த கெ' இருக்கிறது. 'நோ ஆஸெ ஃபால்த கெ பாகெஸ்' என்றால் நீ பணம் கட்டத் தேவையில்லை. பார்த்தீர்களா, அங்கேயும் அதே 'பாகெஸ்'. ஒருமுறை கற்றுக்கொண்ட வடிவம் பத்து இடத்தில் கூலி தரும்.

முரட்டுத்தனமே வேண்டும் என்றால் அதற்கும் தனிச் சொல் உண்டு: 'நி ஸெ தெ ஒக்கூற'. நினைச்சுக்கூடப் பார்க்காதே! கையோங்கிச் சொல்ல வேண்டியதில்லை, குரலே போதும்.

விதிக்கே அடங்காத வினைகள் எத்தனை?

ஆறு. 'நான்' வடிவம் 'ஒ'வில் முடியாத வினைகள் அவை, அதனால் வெட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. கொடுக்காதே, 'நோ தெஸ்'. இப்படி இருக்காதே, 'நோ எஸ்தேஸ்' (கோபமாக, சோகமாக என்ற நிலைக்கு). இப்படிப்பட்டவனாக இருக்காதே, 'நோ ஸேஅஸ்' (முட்டாளாக, பொறாமைக்காரனாக என்ற குணத்துக்கு). போகாதே, 'நோ பாயஸ்'. மீதி இரண்டும் கட்டளையாக அபூர்வம். இந்த நான்கை உருப்போட்டால் போதும்.

திருத்தும்போது நீங்கள் அதிகம் பார்க்கும் பிழை எது?

'நோ ஆப்லஸ்'. எகரத்துக்குப் பதில் அகரம். அர்த்தம் 'நீ பேசுவதில்லை' என்றாகிவிடும். தடுக்கப் போய், குற்றச்சாட்டு வைத்துவிட்டு வருவீர்கள்.

'நோ மெ தீகஸ்' என்றால் 'என்னிடம் சொல்லாதே' தானே? நல்ல செய்தி சொல்லும்போது ஏன் அதைச் சொல்கிறார்கள்?

சொல்லுக்குச் சொல் அர்த்தம் அதுதான். 'சொல்கிறேன்' என்பது 'தீகொ', ஆக 'நோ மெ தீகஸ்'. விதிப்படியே வந்திருக்கிறது. புழக்கத்தில் அது 'அட, நிஜமாவா!'

எனக்கு வேலை கிடைத்த செய்தியைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் படிக்கட்டில் நின்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் 'நோ மெ தீகஸ்!' என்றார். ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, நான் தொடர்வதற்காகக் காத்திருந்தார். நான் பேசவில்லை. கடைசியில் அவரே கையை ஆட்டி 'ஸீகெ, ஸீகெ!' என்றார். சொல்லு, மேலே சொல்லு.